வோய்கோவுக்கு விழுந்த முதல் பரிசு

என் தம்பி வோய்கோ ஆசைப்பட்டது இரண்டாம் பரிசுக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் பிறந்ததிலிருந்தே தேனீக்காரன் என்பதுபோல எங்கள் ஸாலிப்யே ஊரில் இப்போது பேசிக்கொண்டு திரிகிறார்கள். தீயணைப்புப் படைத் திருவிழாவில் பரிசுச் சீட்டு வாங்கியபோது அவன் கண் மேடையில் இருந்த மரம் அறுக்கும் மெஷின் மேல்தான் இருந்தது. அதுதான் இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு தேன்பெட்டி. தேனீ வளர்ப்போர் சங்கம், உள்ளே தேனீக்களோடு சேர்த்தே அன்பளிப்பாகக் கொடுத்தது.

அவனுக்கு முதல் பரிசே விழுந்துவிட்டது. சீட்டை எடுத்து எண்ணை வாசித்தவர் சங்கத் தலைவர் போல்டே. மரக்கடை முதலாளி. தேனீக்களைப் பற்றிப் பேசும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார்.

"வாழ்த்துகள் வோய்கோ. இந்தத் தெருவுல தேனீ இல்லாத வீடு உன்னோடது ஒண்ணுதான்னு அதுங்களுக்கே தெரிஞ்சிருக்கு."

"தலைவரே, மெஷின் விழுந்தவர் இதை மாத்திக்குவாரா?"

"அவருக்கு இருக்கிற பெட்டிகளையே பார்க்க நேரமில்லையாம். எடுத்துட்டுப் போ. கடிக்காதுங்க. நல்ல வளர்ப்பு."

வோய்கோ ஐந்து வயதில் ஒரு குளவிக்குப் பயந்து கோழிக்கூண்டுக்குள் ஒளிந்தவன். வெளியே வரவழைக்க நான்தான் உள்ளே தவழ்ந்து போக வேண்டியிருந்தது. வளர்ந்து பேருந்து ஓட்டுநர் ஆனான். எங்கள் ஊரிலிருந்து கிரான் நகருக்குப் போகும் பேருந்து அவனுடையது. தூரத்தில் யாராவது ஓடிவந்தால் கண்ணாடியில் பார்த்துவிட்டு, செருப்பின் வாரை சரிசெய்வதுபோலக் குனிந்து நேரம் கடத்துவான். ஓடிவருகிறவர் வெட்கப்படக்கூடாதாம். அப்படிப்பட்டவன். சொந்தத் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. வழியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போல்டேயின் தேனீ வீட்டில் வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளில் எது மிகவும் மெலிந்ததோ அதைத்தான் மனிதர் தானம் செய்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அன்று எங்களுக்கு என்ன தெரியும்? தோட்டத்தில் பேரிக்காய் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம். பெட்டியின் முகப்புப் பலகையில் ஏதாவது படம் வரைய வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேனீ தன் வீட்டை அதைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்ளும். மற்றவர்கள் மாதாவை வரைவார்கள், அல்லது வேட்டைக்காரனுக்குச் சவரம் செய்யும் நரியை. வோய்கோ தன் பேருந்தை வரைந்தான்.

"குளிர்பெட்டி நல்லா வந்திருக்கு," என்றாள் அவன் மனைவி நாட்யா.

"ஜன்னல் தெரியலையா?"

"அது ஜன்னலா? நான் பால் வைக்கிற தட்டுன்னு நினைச்சேன்."

முதல் தடவை பெட்டியைத் திறந்த கதையை நாட்யா கல்யாண வீடுகளில் நடித்தே காட்டுகிறாள். தேனீக்களை அடக்கும் புகைப்பானில் காய்ந்த மரத்தூள் போட வேண்டும். இவன் பழைய கம்பளிக் காலுறை ஒன்றைத் திணித்தான். அதுவும் துவைக்காதது. நல்ல வளர்ப்புத் தேனீக்கள்கூட அதற்கு மரியாதை காட்டவில்லை. முகவலை வாங்கக் கஞ்சப்பட்டு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைப் போட்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கவசத்துக்குள் ஒரு வோய்கோ, ஒரு தேனீ. இரண்டு பேருக்கும் இடம் போதவில்லை.

மறுநாள் வீங்காத ஒரு கண்ணோடு பேருந்து ஓட்டினான். அன்றிலிருந்து அந்தப் பேருந்து ஒரு பள்ளிக்கூடமாகிவிட்டது. எங்கள் நாட்டில் நாலு பேர் ஏறினால் அதில் இரண்டு பேர் தேனீ வைத்திருப்பார்கள். மற்ற இரண்டு பேர், தேனீ வைத்திருந்தவர்களின் பிள்ளைகள். முன் இருக்கை ராணியை மாற்று என்று சொல்லும். நடு இருக்கை ராணியைத் தொடாதே என்று சொல்லும். பின் இருக்கையிலிருந்து, பெட்டியைத் தெற்கே திருப்பு என்று ஒரு குரல் வரும். என் தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் செய்தும் பார்ப்பான். ஜூன் மாதத்தில் அந்தப் பெட்டி நான்கு திசைகளையும் பார்த்துவிட்டது.

இத்தனைக்கும் கூட்டம் பெருகவில்லை. லிண்டன் மரம் பூத்து முடிந்தது, செஸ்நட் மரம் பூத்து முடிந்தது, பெட்டிக்குள் அடை கட்டும் மரச்சட்டங்களில் பாதி காலி. ஆனால் வோய்கோ மாறிவிட்டான். வேலை முடிந்ததும் சீருடையைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான்.

"என்கிட்ட சொல்லாததையெல்லாம் அதுங்ககிட்ட சொல்றான் அண்ணி," என்றாள் நாட்யா. "நேத்து டீசல் விலையைப் பத்திப் பேசிட்டு இருந்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பிள்ளைகள் இரண்டும் வேலைக்காக நகரத்துக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவன் இப்படி வாய் திறந்து பேசியது இதுவே முதல் தடவை. அது அவளுக்கும் தெரியும்.

ஜூலை கடைசியில் போல்டே சோதனைக்கு வந்தார். மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். தொப்பியைக் கழற்றவில்லை.

"இது தேறாது. மாதா விண்ணேற்புத் திருநாள், ஆகஸ்ட் பதினஞ்சு வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள கூட்டம் சேரலைன்னா மறுநாள் வந்து தேனீயைப் புல்லுல உதறிட்டுப் பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவேன். மெலிஞ்ச கூடு ஊருக்கே தொல்லை."

"பரிசா விழுந்தது தலைவரே. என்னோடதுதானே?"

"பெட்டி உன்னோடது. சங்கத்து விதி எல்லாரோடதும். சர்க்கரைப் பாகு வெச்சு ஊட்டிப் பாரு."

அவர் போன பிறகு வோய்கோ பேரிக்காய் மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தான். "உதறிடுவாராம் அக்கா," என்றான். "பாயை உதறுற மாதிரி."

அன்றே கடைக்குப் போய் சர்க்கரையை மூட்டையாக வாங்கிவந்தான். பாகு காய்ச்சி, பட்டப்பகலில், வாளியோடு தூக்கிக்கொண்டு போய், பாதியைப் புல்லில் சிந்தி, மீதியைப் பெட்டிக்கு வைத்தான். சாயங்காலம் இருட்டும் நேரத்தில், ஒரு சொட்டு சிந்தாமல் வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பேருந்தில் அத்தனை வாய்கள் இருந்தும் இதைச் சொல்ல மட்டும் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் பிறந்து சில நாள் கழித்து தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, உடனே வா. திங்கட்கிழமைக் காலை பஸ் மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். பெட்டி வாசலில் நெரிசல். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தள்ளி, உருண்டு, கீழே விழுந்து மறுபடி ஏறின. வோய்கோ கைகளைக் கட்டிக்கொண்டு, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்த தகப்பன் மாதிரி நின்றான்.

"சண்டை போடுதே," என்றேன்.

"சண்டை இல்ல. சந்தோஷத்துல கட்டிப் பிடிச்சுக்குதுங்க."

பேருந்தில் எல்லாரிடமும் பெருமையடித்திருக்கிறான். அதைக் கேட்டு, பாதிரியார் வீட்டில் சமைக்கும் பாவ்லா அத்தை, வேண்டுமென்றே அவன் வீட்டு நிறுத்தத்தில் இறங்கி, சந்தைப் பையோடு தோட்டத்துக்கு வந்தாள். அவளுக்கு ஊர் முழுவதும் அத்தை முறை. அவள் நாக்குக்குப் பாதிரியாரே பயப்படுவார். கொஞ்ச நேரம் பெட்டி வாசலைக் கவனித்தாள்.

"டேய் வோய்கோ, காலையில சந்தைக்குப் போறவங்க பை எப்படி இருக்கும்?"

"காலியா இருக்கும்."

"திரும்பி வரும்போது?"

"கனமா."

"இதுங்க உள்ள போகும்போது லேசாப் போகுது. வெளிய வரும்போது வயித்தைத் தூக்க முடியாமத் தள்ளாடுது. அப்ப இது வீடா, சந்தையாடா?"

வோய்கோவின் கைகள் மெல்ல அவிழ்ந்து தொங்கின. யாருடைய தேனீக்களோ வந்து அவன் பெட்டியைச் சூறையாடிக்கொண்டிருந்தன. அதைக் காட்டத்தான் அவன் ஊரையே கூப்பிட்டிருந்தான்.

போல்டேயிடம் போய்ச் சொன்னோம். ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்தான் அவருடைய தேனீ வீடு.

"என்னோடதா? என் தேனீங்க அந்த மாதிரி வளர்ப்பு இல்ல," என்றார். "ஓடைக்கரையில இன்னும் நாலஞ்சு பேர் வெச்சிருக்காங்க. அங்க போய்க் கேளு."

திருடனைக் கண்டுபிடிக்க எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பெட்டியை விட்டு வெளியே வரும் தேனீக்கள் மேல் மாவைத் தூவ வேண்டும். மாவு பூசிய தேனீ எந்த வீட்டு வாசலில் போய் இறங்குகிறதோ அதுதான் திருட்டு வீடு. வோய்கோ சமையலறையில் கைக்கு அகப்பட்ட மாவை டீ வடிகட்டியில் போட்டுத் தூவினான். நான் ஓடைக்கரை முழுவதும் நடந்து, ஒவ்வொரு வேலியிலும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது நாட்யா காலி டப்பாவை வைத்துக்கொண்டு நின்றாள்.

"களி கிண்ட வெச்சிருந்த ஐடா மாவை எடுத்திருக்கான் அண்ணி."

ஐடா எங்கள் பக்கத்துத் தானியம். அதன் மாவு சாம்பல் நிறம். எங்கள் நாட்டுத் தேனீயும் சாம்பல் நிறம். சாம்பல் மேல் சாம்பலைத் தூவிவிட்டு என்னை ஊர் சுற்ற வைத்திருக்கிறான்.

மாதா திருநாள் வந்துவிட்டது. பூசை முடிந்ததும் போல்டே தன் தேனீ வீட்டைத் திறந்து வைத்து ஊருக்கு விருந்து வைப்பது வழக்கம். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், தேன் கலந்த சாராயம், அன்று காலையில் வெட்டிய தேனடைகள் தட்டுத் தட்டாக. நான் கைபேசியோடு தேனீ வீட்டுக்கு எதிரே ஒரு பெஞ்சில் இடம் பிடித்தேன். வோய்கோவும் நாட்யாவும் வீட்டில். இந்த முறை, திருநாள் சுருள் ரொட்டிக்கு வைத்திருந்த வெள்ளை மாவு.

போல்டே தொப்பியைக் கழற்றிப் பேச ஆரம்பித்தார். "பூ குறைஞ்ச இந்த ஆகஸ்ட்ல அடை இப்படி நிறைஞ்சு நான் பார்த்ததில்லை. இந்தத் தேனைத்தான் மாவட்டப் போட்டிக்கு அனுப்பப் போறேன். பக்கத்துலயே சிலரோட பெட்டி காஞ்சு கிடக்கு. அது தேனீயோட தப்பு இல்ல."

நான் கைபேசியில் மெதுவாக, "ஆரம்பி," என்றேன்.

ஓடைப் பக்கமிருந்து முதலில் ஒன்று வந்தது. பிறகு பத்து, பிறகு கூட்டமாக. தலை முதல் வால் வரை வெள்ளை. நேராகப் போல்டேயின் பெட்டிகளில் இறங்கின.

"தலைவரே," என்றாள் பாவ்லா அத்தை, வாய் நிறைய தேனடையோடு. "உங்க தேனீங்க கோயில்ல பிள்ளைங்க மாதிரி புது நன்மை வாங்கிட்டு வருதுங்களா? எல்லாம் வெள்ளை உடுப்புல இருக்கு."

போல்டே திரும்பிப் பார்த்தார். "ஓடைக்கரை பூரா காசித்தும்பை பூத்திருக்கு அத்தை. அந்தப் பூவுக்குள்ள நுழைஞ்சு வந்தா முதுகெல்லாம் வெள்ளையாயிடும். வருஷா வருஷம் நடக்கிறதுதான்."

அது பொய்யில்லை. காசித்தும்பை மகரந்தம் அப்படித்தான் செய்யும். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் என்னை அறியாமல் தலையாட்டிவிட்டேன். பிறகு கைபேசியை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். நாட்யா அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"காசித்தும்பையா? அப்படியா சொன்னாரு? லைன்லயே இருங்க அண்ணி."

அலமாரி திறக்கும் சத்தம். ஏதோ உருளும் சத்தம். "ஈஸ்டர் முட்டைக்கு வாங்கின சாயம் ஒரு பொட்டலம் மிச்சம் இருக்கு. சாப்பாட்டுச் சாயம்தான், ஒண்ணும் ஆகாது. வோய்கோ, மாவைக் கொண்டா."

சாராயம் இன்னொரு சுற்று வந்தது. போல்டே போட்டி நடுவர்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவர் கறுப்புக் கோட்டின் மார்பில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்து இளைப்பாறியது. நல்ல புல் பச்சை. அதன் பின்னால் ஓடையைத் தாண்டி இன்னும் இன்னும் வந்தன. இறங்கு பலகைகள் முழுவதும் பச்சையாகிவிட்டன.

"இதுக்கும் ஏதாவது பூ இருக்கா தலைவரே?" என்றாள் பாவ்லா அத்தை.

போல்டே வாயைத் திறந்தார். "பாசி..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் போகவில்லை.

அந்த நேரம் பார்த்து வோய்கோ மிதிவண்டியில் வந்து வேலியோரம் இறங்கினான். முழங்கை வரை பச்சை. மூக்கு நுனி பச்சை. "அக்கா, வந்துச்சா?" என்று கேட்டான். கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் சிரித்தது. சங்கத்துப் பொருளாளர் பெஞ்சிலிருந்து சரிந்தே விட்டார்.

போல்டே மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, தொப்பியைத் தலையில் வைத்தார்.

"சரி, என்னோடதுதான். வாசலை விரியத் திறந்துபோட்டு, புல்லு பூரா சிந்தி வெச்சா எந்தத் தேனீ வராது? பூட்டாதவன் மேலதான் தப்பு. காப்பாத்திக்கத் தெரியாத கூட்டம் இருந்து என்ன பிரயோஜனம்? சொன்னபடி நாளைக்குக் காலையில பெட்டியை எடுத்துடறேன்."

சிரிப்பு நின்றது. இரண்டு மூன்று பேர், அதுவும் நியாயம்தான் என்பதுபோலத் தரையைப் பார்த்தார்கள். விதி என்றால் எங்கள் ஊரில் விதிதான். வோய்கோ மிதிவண்டியின் கைப்பிடியை விடவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஏதாவது கத்திவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் அவனே பேசினான். சண்டைக்கு இல்லை, புரியாமல்தான் கேட்டான்.

"பெட்டியை எடுத்துட்டா, இதுங்க நாளைக்கு எங்க போகும் தலைவரே? தினமும் வந்து பழகின கூட்டமாச்சே. நிறுத்தத்தை எடுத்துட்டாலும் ஜனங்க அடுத்த நிறுத்தத்துக்குப் போய் நிக்கத்தானே செய்யும்?"

ஓடைக்கரையில் பெட்டி வைத்திருந்த நான்கு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் கேட்டது சரி. கொள்ளையடித்துப் பழகிய தேனீ, அந்தப் பெட்டி காணாமல் போனால் பக்கத்துப் பெட்டியைத் தேடும்.

"எடுக்க வேணாம் போல்டே," என்றார் அவர்களில் ஒருவர். "அது அங்கேயே இருக்கட்டும்."

"அது மட்டும் இல்ல தலைவரே," என்றான் வோய்கோ, சமாதானம் சொல்வதுபோல. "தேனைத் திருடிட்டாங்கன்னு நான் குறை சொல்லவே இல்ல. என் பெட்டியில தேன் ஏது? நீங்க சொன்ன மாதிரி சர்க்கரைப் பாகுதான் வெச்சேன். காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. எவ்வளவு வெச்சாலும் காலியாயிடும். பாவம், நல்ல பசின்னு நினைச்சேன்."

மேசைகளில் கரண்டிகள் அப்படியே நின்றன. எல்லாரும் தங்கள் தட்டில் இருந்த தேனடையைப் பார்த்தார்கள். பூ குறைந்த ஆகஸ்டில் நிறைந்து வழிந்த தேனடை.

பாவ்லா அத்தை மட்டும் இன்னொரு துண்டை எடுத்து நிதானமாக மென்றாள். "அதான், தெரிஞ்ச ருசியா இருக்கேன்னு பார்த்தேன். நம்ம மளிகைக் கடைச் சர்க்கரை. நல்லாத்தான் இருக்கு வோய்கோ. ரொம்ப நன்றி."

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து விடைபெற்றபோது, போல்டேயைத் தாண்டிப் போய் வோய்கோவின் பச்சைக் கையைக் குலுக்கி, விருந்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மாவட்டப் போட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போல்டே அவனை வாதுமை மரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தட்டை வைக்க இடம் தேடுவதுபோல நானும் போனேன்.

"இன்னைக்கும் பாகு வெச்சியா?"

"வெச்சேன். திருநாளாச்சே, கொஞ்சம் கூடுதலாவே வெச்சேன்."

போல்டே கண்ணை மூடிக்கொண்டார். "இனி வைக்காத."

"வைக்கலைன்னா என்னோடது பட்டினியில செத்துடும்."

"செத்துட்டா இதுங்க பக்கத்துப் பெட்டிக்குப் போகும். நாலு பேரும் என் கழுத்தைப் பிடிப்பாங்க." தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "வெச்சா என் தேன் பூரா சர்க்கரை. இப்ப நான் என்னதான் செய்யறது?"

"தெரியலையே தலைவரே. நான் புதுசு," என்றான் வோய்கோ.

அவன் அதை நிஜமாகவே சொன்னான். என்னால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சூரியன் சாயும் நேரத்தில் போல்டே வந்தார். பூசைக்குப் போட்ட அதே கோட்டு. கையில், தன் சிறந்த பெட்டியிலிருந்து எடுத்த மூன்று சட்டங்கள். இரண்டில் தேனீயாகி வெளிவரப் போகும் கூட்டுப்புழுக்களும் மேலே இளம் தேனீக்களும் நிறைந்திருந்தன. ஒன்றில் முழுக்கத் தேன், ஜூலைத் தேன், சுத்தமானது. சட்டைப் பையில் தீப்பெட்டி அளவுக் கூண்டில் ஓர் இளம் ராணி. பெட்டியைத் திறந்து பழைய ராணியைத் தேடிப் பிடித்து எடுத்தார். கிழடு, ஒரு கால் இல்லை.

"இது கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்ததா தலைவரே?" என்று கேட்டாள் நாட்யா.

போல்டே காது கேளாதவர் மாதிரி சட்டங்களையும் புது ராணியின் கூண்டையும் இறக்கினார். பிறகு ஈரப் புல்லில் மண்டியிட்டு, வாசலை மரத்துண்டு வைத்து அடைத்து, ஒரே ஒரு தேனீ நுழையும் அளவுக்குச் சந்து விட்டார். கோட்டு முட்டியில் இரண்டு பெரிய பச்சை வட்டங்கள் ஒட்டிக்கொண்டன. அங்கேதான் வோய்கோ மாவைச் சிந்தியிருந்தான்.

"இனி பாகு வேணாம். இந்தத் தேன் சட்டம் போதும். அடுத்த வாரம் இன்னொண்ணு கொண்டுவரேன். ஏதாவது ஒண்ணுன்னா முதல்ல எனக்குத்தான் சொல்லணும்."

"நாளைக்குப் பெட்டியை எடுக்க வருவீங்கன்னு நினைச்சேன்."

"யார் சொன்னா அப்படி?" என்றார் போல்டே.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் எனக்கு முன்னாலேயே வந்து, வோய்கோவின் பழக்கூடையில் உட்கார்ந்திருந்தார். வோய்கோ பக்கத்தில் நின்றான், நாட்யா காபி கொண்டுவந்தாள். புதிய இளம் தேனீக்கள் சந்தில் வரிசையாகக் காவல் நின்றன. ஓடைப் பக்கமிருந்து ஒன்று வழக்கம்போல வந்து இறங்கியது. முதுகில் இன்னும் லேசான பச்சை. உள்ளே நுழையப் பார்த்தது. காவல் நின்றவை இரண்டு அதன் இறக்கையைப் பிடித்து இழுத்து, பேருந்து வரைந்த பலகை வழியாக உருட்டி, கீழே புல்லில் தள்ளின. அது எழுந்து, தூசி தட்டிக்கொண்டு, ஓடையைப் பார்த்துப் பறந்தது.

மூன்று பேரும் போல்டேயைப் பார்த்தோம். அவர் காபியை ஒரு வாய் குடித்தார்.

"அது என்னோடது இல்ல," என்றார்.